ஏமாந்தோர் குற்றவாளிகளா?

"ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவனும் இருப்பான்" என்பது நம்மவரிடையே வழங்கும் ஒரு கூற்று. கேட்பதற்கு இஃது உலக அனுபவத்தின் சாறு போலத் தோன்றும். ஆயினும் சற்று நின்று நோக்கின், இதனுள்ளே ஒரு தலைகீழ் நியாயம் ஒளிந்திருப்பது புலப்படும். களவுக்குக் காரணன் கள்வன் அல்லன், பொருளை இழந்த வீட்டுக்காரனே என்பதுதான் இக்கூற்றின் உட்பொருள். ஏமாற்றுகிறவனை மழை, வெயில் போன்ற இயற்கை நிகழ்ச்சியாக்கிவிட்டுப் பழி முழுவதையும் ஏமாந்தவர் தலையில் இது சுமத்துகின்றது. வங்கிக் கணக்குகளைக் குறிவைத்துத் தொலைபேசி வாயிலாகவும் குறுஞ்செய்தி வாயிலாகவும் இன்று நிகழும் மோசடிகள் பற்றி நமது விடுதிகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் நடைபெறும் உரையாடல்களைக் கேட்பவர், இக்கூற்று எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை உணர்வர். "இதற்கெல்லாமா ஏமாறுவார்கள்?" என்ற சிரிப்போடுதான் அவ்வுரையாடல்கள் முடிவடைகின்றன. அச்சிரிப்பை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதலில் ஒரு நிகழ்ச்சி. என் சின்னம்மா முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்பவர், கணவரை இழந்தவர். காலபோக நெல்லை விற்றுக் கடன் கட்டியது போக எஞ்சிய 86,000 ரூபாவை மகளின் படிப்புக்கென வங்கியில் இட்டிருந்தார். ஒருநாட் காலை அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "அம்மா, வங்கித் தலைமை அலுவலகத்திலிருந்து கதைக்கிறம். உங்கட அடையாள அட்டை விபரம் இன்னும் புதுப்பிக்கப்படேல்லை. இண்டைக்குப் பதினொரு மணிக்குள்ள புதுப்பிக்காட்டி உங்கட கணக்கு முடங்கிப்போம்." பேசியவர் சின்னம்மாவின் முழுப் பெயரையும் அறிந்திருந்தார். மரியாதை குன்றாத, நல்ல தமிழிலே பேசினார். கணக்கிலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் "சரிபார்க்க" வேண்டுமென்று கேட்டுப் பெற்றார். பின்னர், "இப்ப உங்கட போனுக்கு ஓர் இலக்கம் வரும். அதை ஒருக்கா வாசியுங்கோ" என்றார். வந்த ஆறு இலக்கங்களையும் சின்னம்மா ஒவ்வொன்றாக வாசித்தார். அவ்வளவுதான். அவருடைய கணக்கு வேறொருவரின் கைத்தொலைபேசியிலே திறந்துகொண்டது.

அன்று மாலையே பணம் போய்விட்டதை அவர் அறிந்தார். ஆனால் மூன்று நாள்கள் எவரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் வங்கிக் கிளைக்குச் சென்றபோது அங்கிருந்தவர் கூறிய முதல் வார்த்தை, "நீங்கள்தானே அம்மா நம்பரைக் குடுத்தனீங்கள்?" என்பதாகும். பின்னர் ஆங்கிலத்தில் அமைந்த ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினர். பணம் இரண்டு கணக்குகளின் ஊடாகக் கைமாறி முதல் நாளே எடுக்கப்பட்டுவிட்டது என்று பின்னர் தெரியவந்தது. "ஏன் சின்னம்மா, அண்டைக்கே சொல்லேல்லை?" என்று நான் கேட்டேன். "சனம் சிரிக்கும் எண்டுதான் மோனை" என்றார்.

இந்நிகழ்ச்சியை வைத்து, ஏமாந்தவர் மீது வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, பேராசை. குறுகிய காலத்திற் பணத்தை இரட்டிப்பாக்கும் திட்டங்களிலே சேர்ந்து இழந்தவர்கள் பற்றி இவ்வாறு கூறப்படுவதுண்டு. அங்குங்கூட ஆசையைக் காட்டிலும் நெருக்கடியே பலரை இழுத்துச் சென்றது என்று வாதிட இடமுண்டு. அது நிற்க, என் சின்னம்மாவுக்கு எவரும் பரிசு தருவதாகக் கூறவில்லை. தம்முடைய சொந்தப் பணம் தம்மிடமே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் எதையும் ஆசைப்படவில்லை. உள்ளதை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தைப் பேராசை என்று பெயரிட்டு அழைப்பது மொழிக்கே செய்யும் அநீதியாகும்.

இரண்டாவது, அறியாமை. இதைக் கூறுவோர் தம்மைப் படித்தவர் என்று எண்ணிக்கொண்டே கூறுகின்றனர். அவர்கள் 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு நேர்ந்ததை நினைவுகூர வேண்டும். வேலைக்கு விண்ணப்பிப்பவர் அனுப்பியன போன்று தோன்றிய மின்னஞ்சல்கள் வாயிலாக அவ்வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி அமெரிக்க டொலரை வெளியே அனுப்புமாறு கட்டளைகளைப் பிறப்பித்தனர். அவற்றுள் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்று சூதாட்ட விடுதிகளிலே மறைந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர் தப்பியது. பெறுநராகக் காட்டப்பட்ட நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழை ஐயத்தை எழுப்பியதே அதற்கு ஒரு காரணமாயிற்று. ஒரு நாட்டின் மத்திய வங்கியையே ஒரு மின்னஞ்சலைக் கொண்டு திறக்க முடியுமாயின், இரண்டு ஏக்கர் வயல் செய்யும் ஒரு பெண்ணின் ஏமாற்றத்தைக் கல்வியறிவின்மையால் விளக்குவது எங்ஙனம் பொருந்தும்?

அவ்வளவு தூரம் போவானேன்? சின்னம்மாவின் செய்தியைக் கேட்டு மனம் கொதித்த அதே மாதத்தில் என் தொலைபேசிக்கும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. எனக்கு வந்த பொதி ஒன்று முகவரிக் குறைபாட்டால் தேங்கியிருப்பதாகவும், ஒரு சிறு தொகை செலுத்தி அதை மீட்கலாம் என்றும் அதிலே குறிப்பிடப்பட்டிருந்தது. அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் இத்தகைய போலிச் செய்திகள் பரவுவதையும், திணைக்களமே அதுபற்றி எச்சரித்ததையும் நான் முன்னரே வாசித்திருந்தேன். எனினும் புத்தகப் பொதி ஒன்றை எதிர்பார்த்திருந்த வேளை அது. அட்டை இலக்கத்தின் முதற் பாதியை இட்ட பின்னரே விரல் நின்றது. கலைப்பீடத்து மாணவனை அன்று காத்தது அவனுடைய கல்வியன்று. அறைத் தோழன் ஒருவன் தற்செயலாக எட்டிப் பார்த்ததேயாகும்.

ஆகவே பேராசையும் அறியாமையும் இம்மோசடியை விளக்கப் போதியன அல்ல. மோசடி எதன்மீது இயங்குகின்றது என்ற வினாவுக்கு விடை அதன் மொழியிலேயே உள்ளது. இலக்கியம் பயில்வோர் ஒரு கவிதையைப் பகுத்து நோக்குவது போன்று அத்தொலைபேசி உரையாடலைப் பகுத்துப் பார்க்கலாம். முதலில் அதிகாரத்தின் பெயர் வருகின்றது: வங்கி, திணைக்களம், பொலிஸ். அடுத்து இழப்பின் அச்சுறுத்தல்: கணக்கு முடங்கும், கொடுப்பனவு நிற்கும். மூன்றாவதாகக் காலக்கெடு: பதினொரு மணிக்குள், இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள். இறுதியாக மிக எளிதான ஒரு செயல்: ஓர் இலக்கத்தை வாசித்தல், ஓர் இணைப்பை அழுத்துதல். அதிகாரம் பணிவைப் பிறப்பிக்கின்றது. அச்சம் சிந்தனையைக் கலைக்கின்றது. காலக்கெடு பிறரிடம் கேட்டறியும் அவகாசத்தைப் பறிக்கின்றது. 'பிஷிங்' என ஆங்கிலத்திற் குறிக்கப்படும் இத்தூண்டில் மோசடியின் எல்லா வகைகளுக்கும் இதுவே எலும்புக்கூடாகும்.

இவ்வெலும்புக்கூடு வன்னிப் பெருநிலப்பரப்பில் ஏன் இத்துணை எளிதாக உயிர்பெறுகின்றது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா. 2009 மேயில் போர் முடிந்தபோது எமது மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே அடைக்கப்பட்டனர். 2012 செப்தெம்பரில் அது மூடப்படும்வரையிலும், அதற்குப் பின்னரும், அவர்களின் வாழ்வு பதிவுகளாலும் படிவங்களாலும் நடைபெற்றது. பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப விபரம், காணி விபரம், கணக்கிலக்கம் ஆகியவற்றைக் கேட்டவரிடமெல்லாம் கூற வேண்டியிருந்தது. "நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது ஆபத்தாகவும் இருந்தது, பயனற்றதாகவும் இருந்தது. பட்டியலிற் பெயர் விடுபட்டால் நிவாரணம் இல்லை, வீடும் இல்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 5,50,000 ரூபா கட்டங் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் வங்கிக் கணக்கினூடாகவே வருகின்றது. இழந்த வாழ்வை மீளக் கட்டும் பணமெல்லாம் வந்துசேரும் ஒரே வாசல் வங்கிக் கணக்கு என்றாயிற்று. அவ்வாசல் இன்று அடைபடும் என்று ஒரு குரல் சொன்னால், அதைக் கேட்பவரின் நெஞ்சம் பதறாதா?

இன்னொரு நினைவும் இங்கே உண்டு. போர்க்காலத்தில் இப்பகுதியில் இயங்கிய தமிழீழ வைப்பகத்தில் இட்ட சேமிப்பும் ஈடு வைத்த நகையும் இறுதிப் போரோடு பலரின் கைவிட்டுப் போயின. என் அம்மம்மா தம் வங்கிப் புத்தகத்தைப் பொலித்தீன் பையிற் சுற்றி இடுப்பிற் செருகிக்கொண்டே ஊரூராக இடம்பெயர்ந்தார். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவருக்குக் "கணக்கு முடங்கும்" என்பது வெறும் சொல்லன்று, மீண்டும் நிகழவிருக்கும் ஓர் இழப்பு. மோசடிக்காரன் இவ்வரலாற்றைப் படித்திருக்க வேண்டியதில்லை. அவ்வரலாறு உருவாக்கிய பணிவையும் பதற்றத்தையும் அறுவடை செய்தாற் போதும்.

ஏமாந்தவரிடம் பிழையே இல்லை என்று நான் கூறவில்லை. இலக்கத்தை வாசித்தது பிழைதான். ஆனால் பிழை வேறு, குற்றம் வேறு. பிழையைத் திருத்தலாம், குற்றத்துக்குத் தண்டனை உண்டு. பிழை செய்தவரைக் குற்றவாளி போன்று நடத்தும்போது நேர்வது யாது? அவர் மறைக்கின்றார். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து. களவாடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, எடுக்கப்படும்வரையுள்ள அந்தச் சில மணித்தியாலங்களிலேயே அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி. அந்தப் பொன்னான நேரத்தை என் சின்னம்மா நாணத்துக்குக் கொடுத்துவிட்டார். மோசடிக்காரனின் முதல் ஆயுதம் அச்சம் என்றால், இரண்டாவது ஆயுதம் நாணம். முதலாவதை அவன் தானே கொண்டுவருகின்றான். இரண்டாவதை அவனுக்கு உவந்தளிப்பவர்கள் நாம். நமது சிரிப்பு அவனுக்குக் கிடைக்கும் மேலதிக அவகாசமாகும்.

அப்படியாயின் அறிய வேண்டியன எவை? நீண்ட பட்டியல்கள் மனத்தில் நில்லா. சிலவற்றை மட்டும் கூறுவேன். ஓ.ரி.பி. எனப்படும் ஒருதடவைக் கடவு இலக்கம் வீட்டுத் திறப்பைப் போன்றது. அதை வாசித்துக் காட்டுமாறு எந்த வங்கியின் அலுவலரும் கேட்கமாட்டார். கேட்பவர் வங்கியாளர் அல்லர். நமக்குப் பணம் வருவதற்கு நமது பின் இலக்கமோ கடவு இலக்கமோ தேவையில்லை. அவை வெளியே செல்லும் பணத்துக்குரியவை. குறுஞ்செய்தியில் அனுப்புநராக வங்கியின் பெயர் தோன்றுவது சான்றாகாது. அப்பெயரைப் போலியாக இட முடியும், வங்கியின் உண்மையான செய்திகளுக்கு இடையிலேயே அது வந்து அமரவுங் கூடும். இணைய முகவரியின் தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருப்பதும் சான்றன்று. முதற் சாய்கோட்டுக்குச் சற்று முன்னுள்ள இறுதிப் பகுதியே அத்தளம் யாருடையது என்பதைக் காட்டும். முகவரியருகே தோன்றும் பூட்டுக் குறி, தகவல் செல்லும் வழி மறைக்கப்பட்டுள்ளது என்பதையே காட்டுமன்றி, அதைப் பெறுபவர் நேர்மையானவர் என்பதைக் காட்டாது. பிழை மலிந்த தமிழைக் கொண்டு போலியை இனங்காணலாம் என்று முன்னர் கூறினோம். இயந்திரங்களே பிழையின்றித் தமிழ் எழுதும் இக்காலத்தில் அந்த அடையாளமும் நம்பத்தக்கதன்று.

இவை யாவும் மறந்துபோனாலும் ஒரு பழக்கம் போதும்: அழைப்பைத் துண்டித்தல். துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறத்திலோ வங்கிப் புத்தகத்திலோ அச்சிடப்பட்ட இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்டல். உண்மையான வங்கி பத்து நிமிடம் பொறுக்கும். பொய்யான வங்கியாற் பொறுக்க இயலாது. இலக்கத்தைக் கொடுத்துவிட்டதாக உணர்ந்தாலும் அதே இலக்கத்துக்கு உடனே அழைத்துக் கணக்கை நிறுத்தச் செய்ய வேண்டும். குறுஞ்செய்தியை அழிக்காது வைத்துப் பொலிசில் முறையிட வேண்டும். இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இலும், வங்கி முறைப்பாட்டைச் சரிவரக் கவனிக்காவிடின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 இலும் அழைக்கலாம்.

"வேண்டாம் இந்தத் தொலைபேசி வங்கி, பழையபடி காசைக் கையில் வைத்திருப்போம்" என்று கூறுவோரும் உளர். கிளை இருக்கும் நகருக்குப் பஸ்ஸில் சென்று வர ஒரு நாட் கூலியை இழக்கும் கிராமத்தவரிடம் இவ்வறிவுரையைக் கூறிப் பாருங்கள். வசதியைக் கைவிடச் சொல்வது தீர்வாகாது. அவ்வசதியை விற்பவர் அதன் ஆபத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே நியாயம்.

இங்கேதான் வங்கிகளையும் அரசையும் நோக்கிக் கேட்க வேண்டியுள்ளது. சட்டங்கள் இல்லாமலில்லை. கொடுப்பனவுக் கருவி மோசடிகள் பற்றிய சட்டம் 2006 இலும், கணினிக் குற்றச் சட்டம் 2007 இலும், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலும் இயற்றப்பட்டன. ஆனால் இவை என் சின்னம்மாவின் வாசல்வரை வந்து சேரவில்லை. தமிழ் அரசகரும மொழிகளுள் ஒன்றென 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகின்றது. ஒரு தமிழ்ப் பெண் தன் இழப்பை முறையிடும் படிவம் ஆங்கிலத்தில் இருப்பதற்கு என்ன நியாயம் உண்டு? கடவு இலக்கத்தோடு வரும் "எவருக்கும் கூறாதீர்" என்ற எச்சரிக்கை, அதைப் பெறுபவருக்கு விளங்காத மொழியில் வருமாயின் அது யாரை எச்சரிக்கின்றது? வாடிக்கையாளரையா, அல்லது நாளை நீதிமன்றத்திலே காட்டுவதற்கான சாட்சியமாகவா?

வேறு வழி இல்லையென்று கூறவியலாது. 2021 இன் இறுதியில் சிங்கப்பூரில் ஒரு பெரிய வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 இலட்சம் சிங்கப்பூர் டொலரை இழந்தனர். "நீங்கள்தானே கொடுத்தீர்கள்" என்ற வாதத்தோடு அங்கே விடயம் முடிந்துவிடவில்லை. மக்களின் கண்டனத்தின் பின் அவ்வங்கி முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. குறுஞ்செய்திகளில் இணைப்புகளை அனுப்புவதை வங்கிகள் நிறுத்த வேண்டுமென 2022 ஜனவரியில் விதிக்கப்பட்டது. 2024 டிசெம்பரில் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இழப்பிற் பொறுப்பேற்கும் முறையும் அங்கு நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் 2024 ஒக்ரோபர் முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் ஒரு வரம்புக்குட்பட்டு அதை மீளளிக்க வேண்டிய கடப்பாடு வங்கிகளுக்கு உண்டு. இழப்பு தன் தலையில் விழும் என்று அறிந்த வங்கி தானாகவே விழிப்படையும். புதிய கருவியொன்றில் கணக்குத் திறக்கப்பட்டதும் பெருந்தொகை வெளியேறுவதைச் சில மணித்தியாலங்கள் தாமதிக்கச் செய்வது பெரும் விஞ்ஞானமன்று. மனம் இருந்தாற் போதும்.

மறுபுறத்தில் இருக்கும் குரலையும் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இயங்கும் இணைய மோசடி முகாம்களில், நல்ல வேலை என்று நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்களும் அடைத்துவைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றுமாறு கட்டாயப்படுத்தப்பட்டமை அண்மை ஆண்டுகளில் வெளிவந்தது. பெருமுதலோடு நடைபெறும் ஒரு தொழிலின் இரு முனைகளிலும் வறியவரே நிற்கின்றனர். இதைத் தனிமனிதப் பேராசையின் கதையாகச் சுருக்குவது உண்மையை மறைப்பதாகும்.

இறுதியாக நம்மை நோக்கி ஒரு சொல். ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம், மலர் வெளியிடுகின்றோம். தமிழின் தொன்மை பற்றிப் பேசுகின்றோம். அம்மொழியிலேயே நம் தாய்மார் ஏமாற்றப்படும்போது நம் புலமையால் ஆகிய பயன் யாது? விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தத்தம் ஊரின் மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலோ அரைமணி நேரம் பேசலாம். ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். முறைப்பாட்டுக்குத் துணையாகச் செல்லலாம். இவற்றுக்கெல்லாம் முன்னர், ஏமாந்த ஒருவர் நம்மிடம் வந்து சொல்லும்போது சிரிக்காதிருக்கலாம்.

சின்னம்மாவின் பணம் இன்னும் திரும்பவில்லை. ஆனால் சென்ற மாதம் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அவரே எழுந்து, தமக்கு நடந்ததை இருந்தவர்களுக்கெல்லாம் கூறினார். எவரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இரு பெண்கள் அவரைத் தனியே அழைத்து, தமக்கும் அவ்வாறே நேர்ந்ததென்றும் இதுவரை வீட்டாருக்குக்கூடச் சொல்லவில்லையென்றும் கூறினராம். அவ்விருவரையும் மறுநாட் காலை வங்கிக்கு அழைத்துச் சென்றவரும் சின்னம்மாவே.